யுபிஎஸ் பதில் சொல்லவில்லை என்றால், பேசாமல் இருப்பது யார்?

திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய கிடங்கு அலுவலகம், ராயபுரத்தில் ஒரு ஸ்கேன் சென்டர், மாதவரத்தில் லாரி புக்கிங் ஆபீஸ் என்று எங்கே போனாலும் உள்ளே ஒரு சின்ன அறையில் ரேக் ஒன்று நிற்கிறது. அடித்தட்டில் யுபிஎஸ், அதன் பின்பக்கத்தில் ஒரு நெட்வொர்க் கார்டு, அதில் ஒரு லேன் கேபிள். அந்தக் கார்டிடம் யாரோ எழுதிய ஸ்கிரிப்ட், அதாவது தானாக ஓடும் ஒரு சின்ன நிரல், சில நிமிடங்களுக்கு ஒருமுறை கேள்வி கேட்கிறது. கரண்ட் இருக்கிறதா? பேட்டரியில் எவ்வளவு மிச்சம்? லோடு எவ்வளவு? எல்லாம் சரியாக இருக்கும் நாட்களில் இதை யாரும் கவனிப்பதில்லை. ஒருநாள் "யுபிஎஸ் பதில் இல்லை" என்று செல்போனில் செய்தி வரும்போதுதான் குழப்பம் ஆரம்பிக்கிறது.

அந்த ஒரு வரிக்குப் பல அர்த்தம் இருக்கலாம். யுபிஎஸ் நின்றிருக்கலாம். யுபிஎஸ் நன்றாக ஓடிக்கொண்டிருக்க, கார்டு மட்டும் உறைந்திருக்கலாம். கார்டும் நன்றாக இருந்து, நடுவில் உள்ள நெட்வொர்க் ஸ்விட்ச் கரண்ட் இல்லாமல் அணைந்திருக்கலாம். போன வாரம் யாரோ கடவுச்சொல்லை மாற்றிவிட்டு ஸ்கிரிப்டில் மாற்ற மறந்திருக்கலாம். அத்தனைக்கும் ஒரே செய்தி. இரவு பதினோரு மணிக்கு மணலியில் இருந்து வண்டி எடுத்துப் போவதா, காலையில் பார்த்துக்கொள்ளலாமா என்று இதை வைத்து முடிவெடுக்க முடியாது. இப்படிப்பட்ட ஸ்கிரிப்டுகளில் நான் முதலில் பார்ப்பது, பேச்சு எந்த இடத்தில் அறுந்தது என்று அது சொல்கிறதா என்பதைத்தான். வோல்டேஜைக் காட்டும் அழகெல்லாம் அதற்கு அப்புறம்.

பேச்சு எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். பெரும்பாலான யுபிஎஸ் கார்டுகளும், ரேக்கில் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பிடியு பட்டைகளும் எஸ்என்எம்பி என்ற நெறிமுறையில் பேசுகின்றன. கேள்வி யுடிபி என்ற அனுப்பும் முறையில் 161-ஆம் போர்ட்டுக்கு, அதாவது அந்தச் சேவைக்கான வாசல் எண்ணுக்குப் போகும். சாதனம் தானாகவே அனுப்பும் எச்சரிக்கையான டிராப் 162-ஆம் போர்ட்டுக்கு வரும். யுடிபியில் இணைப்பு என்ற ஒன்றே கிடையாது. பாக்கெட்டை அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். எஸ்என்எம்பி முதல் வெர்ஷனிலும் 2சி வெர்ஷனிலும் கடவுச்சொல் போல ஒரு கம்யூனிட்டி ஸ்ட்ரிங் உண்டு. அது தப்பாக இருந்தால் "தப்பு" என்று சாதனம் திருப்பிச் சொல்லாது, சும்மா இருந்துவிடும். செத்துப்போன யுபிஎஸ்ஸும், தப்பான கம்யூனிட்டியோடு கேட்கப்பட்ட உயிருள்ள யுபிஎஸ்ஸும் ஸ்கிரிப்ட்டின் பக்கம் இருந்து பார்த்தால் ஒரே மாதிரி: டைம்அவுட், அதாவது காத்திருந்தும் பதில் இல்லை. மூன்றாம் வெர்ஷனில் இந்தத் தொல்லை குறைவு. பயனர் பெயர் தெரியாது, சாவி சரியில்லை என்று சாதனம் திருப்பிச் சொல்கிறது. பாதுகாப்புக்காகத்தான் மூன்றாம் வெர்ஷனுக்கு மாறச் சொல்வார்கள். பழுது தேடுகிறவனுக்கு இந்த ஒரு வசதிக்காகவே மாறலாம்.

இப்படிக் கேள்வி கேட்க உதவும் நெட் எஸ்என்எம்பி கருவிகளின் இயல்பான அமைப்பு, ஒரு வினாடி காத்திருந்து ஐந்து முறை மறுபடி கேட்பது. பதில் இல்லாத ஒரு சாதனம் ஒரு கேள்விக்கு 6 வினாடி விழுங்கும். ஸ்கிரிப்ட் பத்து விஷயங்களைத் தனித்தனியாகக் கேட்டால் ஒரு நிமிடம் போய்விடும். நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும்படி கிரானில், அதாவது குறித்த நேரத்தில் நிரலை ஓட்டும் வசதியில், வைத்திருந்தால் ஒன்றின் மேல் ஒன்றாக ஓட்டங்கள் குவியும். கண்காணிக்கும் கணினியே தள்ளாட ஆரம்பிக்கும். இதற்கு மருந்து எளிது. முதலில் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும், அதற்குப் பதில் வந்தால் மட்டும் மற்றவற்றைக் கேட்க வேண்டும்.

அந்த முதல் கேள்வி பேட்டரியைப் பற்றியதாக இருக்கக் கூடாது. எஸ்என்எம்பியில் ஒவ்வொரு தகவலுக்கும் ஓஐடி என்று புள்ளி வைத்த ஒரு முகவரி எண் உண்டு. முதலில் 1.3.6.1.2.1.1.3.0 என்ற எண்ணைக் கேட்க வேண்டும். எஸ்என்எம்பி பேசும் எந்தச் சாதனத்திலும் இது இருக்கும். அந்தச் சாதனத்தின் எஸ்என்எம்பி பகுதி எவ்வளவு நேரமாக விழித்திருக்கிறது என்று நூறில் ஒரு வினாடிக் கணக்கில் சொல்லும். இதற்குப் பதில் வந்தால் வழியில் உள்ள ஸ்விட்ச், கேபிள், கம்யூனிட்டி எல்லாம் சரி என்று ஒரே அடியில் தெரிந்துவிடுகிறது. இன்னொன்றும் தெரியும். நேற்று பெரிய எண்ணாக இருந்தது இன்று சின்ன எண்ணாக வந்தால், நடுவில் கார்டு அணைந்து எழுந்திருக்கிறது. யுபிஎஸ்ஸின் அவுட்புட்டும் போய் வந்ததா என்பதை ரேக்கில் உள்ள சர்வர்களின் இதே எண்ணைக் கேட்டு ஒப்பிட்டால் சொல்லிவிடலாம். கார்டு மட்டும் எழுந்திருந்தால் கார்டில்தான் கோளாறு. எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்திருந்தால் யுபிஎஸ் லோடைக் கைவிட்டிருக்கிறது. இந்த எண் 32 பிட் என்பதால் சுமார் 497 நாளில் தானாகவே பூஜ்ஜியத்துக்குத் திரும்பும். அதை மறுதொடக்கம் என்று எண்ணி அலறாமல் இருக்க ஸ்கிரிப்டில் ஒரு வரி போதும்.

பிங்குக்கு, அதாவது இருக்கிறாயா என்று மட்டும் கேட்கும் எளிய சோதனைக்கு, பதில் வருகிறது, ஆனால் இந்த எண் வரவில்லை என்றால் எஸ்என்எம்பி சேவையோ கம்யூனிட்டியோ காரணம். கார்டின் அனுமதிப் பட்டியலில் கேட்கும் கணினியின் ஐபி இல்லாமல் இருப்பதும் அடிக்கடி நடப்பதுதான். பிங்கும் இல்லை என்றால் அந்த ரேக்கிலேயே உள்ள ஸ்விட்ச்சுக்கு ஒரு பிங். அதுவும் இல்லை என்றால் கட்டடத்தின் வாசலில் உள்ள ரவுட்டருக்கு. இப்படிப் படிப்படியாக வெளியே வந்தால், பேச்சு அறுந்த இடம் பெரும்பாலும் ஐந்தாறு கேள்விக்குள் பிடிபடும்.

உள்ளே இன்னொரு கண்ணியும் இருக்கிறது. பலருக்கு இது தோன்றுவதில்லை. நெட்வொர்க் கார்டு வேறு, யுபிஎஸ் வேறு. கார்டு என்பது தனக்கென ஒரு சின்னக் கணினி. அது யுபிஎஸ்ஸோடு உள்ளே ஒரு சீரியல் இணைப்பில் பேசி, கிடைத்த எண்களை நமக்குத் தருகிறது. அந்த உள் இணைப்பு அறுந்தால் கார்டு பிங்குக்குப் பதில் தரும், எஸ்என்எம்பிக்கும் பதில் தரும். சில கார்டுகள் கடைசியாகத் தெரிந்த எண்களையே திரும்பத் திரும்பக் கொடுக்கும். பேட்டரி 100 சதவீதம், லோடு 34 சதவீதம், இன்புட் 229 வோல்ட், மூன்று நாளாக ஒரு புள்ளி அசையாமல்! நிஜ ஈபி லைனில் வோல்டேஜ் அப்படி நிற்காது. மாலையில் வீடுகளில் ஏசி ஓட ஆரம்பித்தால் இறங்கும், விடியற்காலையில் ஏறும். அசையாத எண்ணைப் பார்த்தால் சந்தேகப்பட வேண்டும். யுபிஎஸ்ஸுக்கான பொது மிப், அதாவது எந்த எண் எதைக் குறிக்கும் என்ற பட்டியல், இதற்கென்றே ஓர் எச்சரிக்கையை வைத்திருக்கிறது: 1.3.6.1.2.1.33.1.6.3.20, அதாவது கார்டுக்கும் யுபிஎஸ்ஸுக்கும் பேச்சு இல்லை. ஏபிசி நிறுவனத்தின் கார்டுகளில் 1.3.6.1.4.1.318.1.1.1.8.1.0 என்ற எண் இதே வேலையைச் செய்கிறது. 1 வந்தால் பேச்சு உண்டு, 2 வந்தால் இல்லை. இதைக் கேட்காத ஸ்கிரிப்ட் கொடுக்கும் "எல்லாம் நலம்" என்ற செய்தியை நான் நம்புவதில்லை.

பொது மிப் என்று சொன்னேன். 1994 மே மாதம் வெளியான ஆர்எஃப்சி 1628 தான் அது. எந்த நிறுவனத்தின் யுபிஎஸ் ஆனாலும் ஒரே இடத்தில் ஒரே விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதப்பட்டது. அதன் எண்கள் எல்லாம் 1.3.6.1.2.1.33 என்று தொடங்கும். நிறுவனங்கள் தங்களுக்கென்று தனி மிப்பும் வைத்திருக்கின்றன. அவை 1.3.6.1.4.1 என்ற கிளையின் கீழ் வரும், ஏபிசிக்கு அதில் 318. ஒரு கிளையில் உள்ள எண்களை எல்லாம் வரிசையாகக் கேட்கும் எஸ்என்எம்பி வாக் கட்டளையை வெறுமனே ஓட்டினால் அது பொதுக் கிளையை மட்டும் நடந்து பார்த்துவிட்டு நின்றுவிடும். "இந்த கார்டில் ஒன்றுமே இல்லை சார்" என்று சொல்பவர்களில் பலர் நிறுவனக் கிளையைக் கேட்காதவர்கள். கேள்வியில் 1.3.6.1.4.1 என்று சேர்த்தால் பக்கம் பக்கமாக எண்கள் கொட்டும்.

இந்த இரண்டு மிப்களையும் கலந்து எழுதப்பட்ட ஸ்கிரிப்டுகளில் ஒரு பொல்லாத பொறி உண்டு. மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று பொது மிப்பில் கேட்டால், அதாவது 1.3.6.1.2.1.33.1.4.1.0, வரும் பதில் 3 என்றால் இயல்பு நிலை. 4 என்றால் பைபாஸ், அதாவது யுபிஎஸ்ஸைச் சுற்றிக்கொண்டு நேரடியாக வருகிறது, 5 என்றால் பேட்டரி. ஏபிசி மிப்பில் யுபிஎஸ் நிலையைக் கேட்டால், அதாவது 1.3.6.1.4.1.318.1.1.1.4.1.1.0, அங்கே 2 தான் இயல்பு. 3 என்றால் பேட்டரியில் ஓடுகிறது. ஒரு இடத்தில் "ஒன்றும் கவலையில்லை" என்று சொல்லும் அதே 3, இன்னொரு இடத்தில் "கரண்ட் போய்விட்டது" என்று சொல்கிறது. பழைய யுபிஎஸ்ஸைக் கழற்றிவிட்டு வேறு நிறுவனத்து யுபிஎஸ் வைக்கிறார்கள். ஸ்கிரிப்டில் ஓஐடியை மட்டும் மாற்றுகிறார்கள், எண்ணுக்கான அர்த்தப் பட்டியல் அப்படியே இருக்கிறது. அதற்கப்புறம் கரண்ட் இருக்கும் நேரமெல்லாம் எச்சரிக்கை வரும். அல்லது கரண்ட் போனபோது ஒரு சத்தமும் வராது, இதுதான் ஆபத்து. இதைத் தடுக்க 1.3.6.1.2.1.1.2.0 இருக்கிறது. சாதனம் எந்த நிறுவனத்தின் எந்த வகை என்பதை அது சொல்லும். அதை முதலில் கேட்டு, பதிலுக்கு ஏற்ற அர்த்தப் பட்டியலை எடுத்துக்கொள்ளும் ஸ்கிரிப்ட் இந்தப் பொறியில் விழாது.

அளவுகளிலும் இதே கதை. பொது மிப்பில் பேட்டரி வோல்டேஜ் பத்தில் ஒரு வோல்ட் கணக்கில் வரும். 12 வோல்ட் பேட்டரி 16 வரிசையாகக் கோத்த ஒரு யுபிஎஸ்ஸில் 2187 என்று வந்தால் 218.7 வோல்ட். பதினாறால் வகுத்தால் ஒரு பேட்டரிக்கு 13.67. சார்ஜ் நிறைந்து மிதவையில் இருக்கும் லெட் ஆசிட் பேட்டரிக்கு 13.5 முதல் 13.8 வரை இருப்பது சரியானது என்பதால் இந்த எண் நம்பத்தக்கது. பத்தால் வகுக்க மறந்த ஸ்கிரிப்ட் 2187 வோல்ட் என்று காட்டும். அது பரவாயில்லை, பார்த்தவுடன் தெரிந்துவிடும். சில கார்டுகள் விதியை மதிக்காமல் 218 என்றே அனுப்பும். விதிப்படி எழுதிய ஸ்கிரிப்ட் அதைப் பத்தால் வகுத்து 21.8 என்று காட்டி, பேட்டரி செத்துவிட்டது என்று அறிவிக்கும். மிச்ச நேரமும் அப்படித்தான். பொது மிப்பில் அது நிமிடத்தில் வரும், ஏபிசி மிப்பில் நூறில் ஒரு வினாடியில். எண்ணை அப்படியே நம்பாமல், ரேக்கில் எத்தனை பேட்டரி இருக்கிறது என்பதை ஸ்கிரிப்டுக்குச் சொல்லிவைத்து, ஒரு பேட்டரிக்கு 10 முதல் 15 வோல்டுக்குள் வருகிறதா என்று சோதிக்கச் செய்தால் இந்தக் குளறுபடி உடனே வெளிப்படும்.

இனி எனக்குப் பிடித்த எண்ணுக்கு வருகிறேன். இன்புட் அதிர்வெண்.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாட்களில் காலை 9 மணிக்குக் கரண்ட் போனால் பிற்பகல் 2 மணி வாக்கில் வரும். முன்கூட்டியே பேப்பரில் வந்துவிடும். அன்றைக்கு டீசல் ஜெனரேட்டரைத் தட்டிவிடுவார்கள். காசிமேட்டில் மீன் ஏற்றுமதி செய்யும் இடம் ஒன்றில் இருந்து அப்படியொரு நாளில் போன் வந்தது.

"அண்ணே, ஜெனரேட்டர் ஓடுது. லைட்டு, ஃபேன் எல்லாம் எரியுது. ஆனா யுபிஎஸ் மட்டும் கத்திக்கிட்டே இருக்கு, பேட்டரியில தான் ஓடுதாம்."

"கரண்ட் எவ்ளோ வருதுன்னு பார்த்தியா தம்பி?"

"மீட்டர்ல 232 காட்டுதுண்ணே."

வோல்டேஜ் சரி. அப்புறம் ஏன் யுபிஎஸ் ஏற்க மறுக்கிறது? ஸ்கிரிப்டில் அதிர்வெண்ணையும் கேட்கச் சொன்னபோது 536 என்று வந்தது. பத்தில் ஒரு ஹெர்ட்ஸ் கணக்கு என்பதால் 53.6 ஹெர்ட்ஸ். பகலில் குளிர்சாதனங்களை எல்லாம் அணைத்துவிட்டு, பெரிய ஜெனரேட்டரைச் சின்ன லோடுக்கு ஓட்டியிருக்கிறார்கள். அதன் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி தேய்ந்து இன்ஜின் அதிகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. யுபிஎஸ் ஏற்றுக்கொள்ளும் அதிர்வெண்ணுக்கு மாடலைப் பொறுத்து ஒரு எல்லை இருக்கிறது. அதைத் தாண்டியதும் "இது நல்ல கரண்ட் இல்லை" என்று முடிவு செய்து பேட்டரிக்குப் போய்விட்டது. யுபிஎஸ்ஸில் கோளாறே இல்லை. ஜெனரேட்டர் மெக்கானிக்கை அழைத்து வேகத்தைச் சரிசெய்தபின் சத்தம் நின்றது. வோல்டேஜை மட்டும் கேட்கும் ஸ்கிரிப்ட் இருந்திருந்தால் புது யுபிஎஸ் வாங்கும் பேச்சு வரைக்கும் போயிருக்கும்.

அதிர்வெண் இவ்வளவு நல்ல சாட்சியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்-சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாகத் தென்னக மின்கட்டமைப்பு நாட்டின் மற்றப் பகுதிகளோடு இணைந்தது. அன்றிலிருந்து இந்தியா முழுவதும் ஒரே அதிர்வெண்ணில் ஓடுகிறது. 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸுக்குள் வைத்திருக்க வேண்டும் என்பது கட்டமைப்பு விதி. தண்டையார்பேட்டையில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தாலும், கொருக்குப்பேட்டையில் கேபிள் எரிந்தாலும் வோல்டேஜ் ஆடும், அதிர்வெண் அசையாது. எனவே 50-ஐ ஒட்டி இருந்தால் வருவது ஈபி கரண்ட். 51, 52 என்று மிதந்தாலோ, லோடு ஏறும்போது 48-க்கு இறங்கினாலோ வருவது பெரும்பாலும் ஜெனரேட்டர். ஈபிக்கும் ஜெனரேட்டருக்கும் இடையே மாற்றும் மாற்று ஸ்விட்ச்சை யாரும் போய்ப் பார்க்காமலேயே கட்டடம் எதில் ஓடுகிறது என்று இந்த ஒரு எண்ணை வைத்துச் சொல்லிவிடலாம். ஈபி திரும்பி வந்தபின்னும் மாற்று ஸ்விட்ச் ஜெனரேட்டர் பக்கமே சிக்கிக்கொண்டு, டீசல் வீணாகிக்கொண்டிருப்பதையும் இதில் பிடிக்கலாம். இன்வெர்ட்டர் கட்டுப்பாடு கொண்ட புது ஜெனரேட்டர்கள் 50-இலேயே நிற்கும் என்பதால் அங்கே இந்த உத்தி பலிக்காது.

இப்போது மிகவும் சங்கடமான நிலைமைக்கு வருவோம்: கரண்ட் போகும் அந்தக் கணம். ஸ்கிரிப்ட் தேவைப்படுவதே அப்போதுதான், பல இடங்களில் அது ஊமையாவதும் அப்போதுதான். காரணம் யுபிஎஸ்ஸிலும் இல்லை, கார்டிலும் இல்லை. கார்டில் இருந்து புறப்படும் லேன் கேபிள் எங்கே போய்ச் சேர்கிறது என்று பின்தொடர்ந்து போனால், வராந்தாவில் சுவரில் திருகி வைத்த ஒரு சின்ன எட்டு போர்ட் ஸ்விட்ச். அதன் அடாப்டர் பக்கத்தில் உள்ள சாதாரண பிளக்கில். அந்த பிளக் யுபிஎஸ் லைனில் இல்லை. கரண்ட் போனதும் ஸ்விட்ச் போய்விடும். யுபிஎஸ் நாற்பது நிமிடம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் வெளியே இருந்து பார்த்தால் எல்லாம் செத்தது போலத் தெரியும்.

இதனால்தான் டைம்அவுட்டை "ஆபத்து" என்று அறிவிக்கும் ஸ்கிரிப்டுகள் எனக்கு ஒத்துவருவதில்லை. நேகியாஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளின் வழக்கப்படி சோதனை ஸ்கிரிப்ட் 0 என்று முடிந்தால் சரி, 1 எச்சரிக்கை, 2 ஆபத்து, 3 தெரியவில்லை. பதில் வராதபோது நேர்மையான விடை 3. அதோடு "ரவுட்டர் பதில் தருகிறது, இரண்டாம் மாடி ஸ்விட்ச் தரவில்லை, யுபிஎஸ் பற்றித் தெரியவில்லை" என்று ஒரு வரி சேர்ந்தால் போகிறவர் எங்கே போக வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவார்.

இதற்கு நிரந்தர வழி ஒன்று இருக்கிறது. அந்த யுபிஎஸ்ஸிலேயே ஓடும் ஒரு சின்னக் கணினியை, ராஸ்பெர்ரி பை போதும், யுஎஸ்பி கேபிள் வழியாக நேரடியாக யுபிஎஸ்ஸோடு இணைத்துவிடுவது. நெட்வொர்க் யுபிஎஸ் டூல்ஸ் என்ற திறந்த மூல மென்பொருள், சுருக்கமாக நட், இந்த வேலைக்கென்றே இருக்கிறது. டிசிபி 3493-ஆம் போர்ட்டில் பேசும். நிலையைக் கேட்டால் ஓஎல் என்றால் லைனில், ஓபி என்றால் பேட்டரியில், எல்பி என்றால் பேட்டரி தீரப்போகிறது, ஆர்பி என்றால் பேட்டரியை மாற்று என்று எழுத்துகளில் பதில் தரும். எழுத்தில் வருவதால் எண்ணைத் தப்பாகப் படிக்கும் பிரச்சினை இல்லை. யுபிஎஸ்ஸோடு பேச்சு அறுந்தால் பழைய எண்ணைக் கொடுக்காமல், தகவல் பழசாகிவிட்டது என்று வெளிப்படையாகப் பிழை சொல்லும். இந்தக் குணத்துக்காகவே அதை மதிக்கிறேன். ஏபிசி யுபிஎஸ் மட்டும் இருக்கும் இடத்தில் ஏபிசியுபிஎஸ்டி என்ற இன்னொரு மென்பொருளும் உண்டு, அதற்கு 3551-ஆம் போர்ட். கடைசியாக எதற்காகப் பேட்டரிக்கு மாறியது என்ற காரணத்தையும் அது சொல்லும்.

ரேக்குக்குள்ளேயே இருக்கும் இந்தச் சின்னக் கணினி நெட்வொர்க் இல்லாவிட்டாலும் தன் பாட்டுக்கு எழுதி வைத்துக்கொண்டே இருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வட சென்னையின் பல தெருக்களில் தண்ணீர் வடியும் வரை நாள்கணக்கில் கரண்ட் வரவில்லை. அப்படியான நேரத்தில் வெளியே இருந்து கேட்கும் எந்த ஸ்கிரிப்டும் உதவாது. ஆனால் யுபிஎஸ் எத்தனை மணிக்குப் பேட்டரிக்குப் போனது, எவ்வளவு நேரம் தாங்கியது, சர்வர்கள் ஒழுங்காக அணைக்கப்பட்டனவா, பட்டென்று விழுந்தனவா என்பதெல்லாம் அந்த உள்ளூர்ப் பதிவில் இருந்தால், தண்ணீர் வடிந்தபின் தரவுத்தளத்தை மீட்பவருக்கு அது பெரிய உதவி.

பேட்டரி பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. "மிச்ச நேரம் 42 நிமிடம்" என்று கார்டு சொல்வது ஒரு கணிப்பு மட்டுமே. தற்போதைய லோடையும், பேட்டரியின் கொள்ளளவைப் பற்றித் தான் வைத்திருக்கும் நினைவையும் கொண்டு யுபிஎஸ் அதைக் கணக்கிடுகிறது. பேட்டரி பழசாகியிருந்தால் அந்த நினைவு பொய்த்துப்போகும். கரண்ட் போன முதல் நிமிடத்தில் 42 என்று காட்டியது இரண்டாம் நிமிடத்தில் 9, மூன்றாம் நிமிடத்தில் இருட்டு. நம்மூரில் இதற்கு வெப்பம் பெரிய காரணம். சீல் செய்த லெட் ஆசிட் பேட்டரியின் ஆயுள் 25 டிகிரி செல்சியஸை வைத்துச் சொல்லப்படுகிறது. அதற்கு மேல் 8 முதல் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். ஏசி இல்லாத மாடிப்படி அடியில், மே மாத வெயிலில் வைத்த யுபிஎஸ்ஸில் ஐந்து வருடப் பேட்டரி இரண்டு, இரண்டரை வருடத்தில் ஓய்ந்துவிடுவதில் ஆச்சரியம் இல்லை. 1.3.6.1.2.1.33.1.2.7.0 என்ற எண் பேட்டரியின் வெப்பநிலையைத் தருகிறது. கோடை முழுவதும் அதைச் சேமித்து வைத்தால் பேட்டரியை எப்போது மாற்ற வேண்டும் என்று மேலிடத்தில் பேச ஆதாரம் கிடைக்கும்.

பழுது தேடும் ஸ்கிரிப்ட் பேட்டரியின் உண்மையான நிலையை அறிய நல்ல வாய்ப்பு, கரண்ட் போன முதல் நிமிடம். யுபிஎஸ் பேட்டரிக்கு மாறியது தெரிந்ததும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டிருந்ததை ஐந்து வினாடிக்கு ஒருமுறை என்று மாற்றி, பேட்டரி வோல்டேஜை மட்டும் பதிய வேண்டும். மேலே சொன்ன 16 பேட்டரி வரிசை ஆரோக்கியமாக இருந்தால் 218-இல் இருந்து 200 வாக்கில் இறங்கி அங்கே நிதானமாக நகரும். ஒரே ஒரு பேட்டரி உள்ளுக்குள் கெட்டிருந்தாலும் சரசரவென்று 180-க்கு வந்துவிடும். மிச்ச நேரக் கணிப்பு என்ன சொன்னாலும் இந்த இறக்கம் பொய் சொல்லாது. எப்போதும் ஐந்து வினாடிக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டிருப்பது வேண்டாம். கார்டில் இருப்பது சின்னச் செயலி, ஓயாமல் கேள்வி கேட்டால் அதுவே திணறிப்போகும்.

பிடியு பற்றிக் கொஞ்சம். சில வகைகளில் அது ஒவ்வொரு பிளக்கையும் நெட்வொர்க் வழியாக அணைக்கவும் எரியவிடவும் தருகிற வசதி மிகவும் பயனுள்ளது, அதே அளவு அபாயமானது. அதனால் பழுது தேடும் ஸ்கிரிப்டுக்கு வாசிக்கும் அனுமதி மட்டுமே இருக்க வேண்டும், எழுதும் கம்யூனிட்டி அதன் கண்ணிலேயே படக் கூடாது. வாசிப்பதற்கான கெட் என்று எழுத வேண்டிய இடத்தில் மாற்றுவதற்கான செட் என்று எழுதி, தப்பான பிளக் எண்ணைக் கொடுத்தால் ஒரு மருத்துவமனையின் சர்வர் நின்றுபோகலாம். பப்ளிக், பிரைவேட் என்ற பழைய இயல்புச் சொற்களை அப்படியே விட்டிருக்கும் கார்டுகள் இன்னும் நிறைய இருக்கின்றன. 2022 மார்ச்சில் அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு முகமையான சிசா, அந்நாட்டு எரிசக்தித் துறையோடு சேர்ந்து, இணையத்தில் திறந்து கிடக்கும் யுபிஎஸ்களை இயல்புக் கடவுச்சொல் வழியாகத் தாக்குகிறார்கள் என்று எச்சரித்தது. யுபிஎஸ் கார்டை இணையத்துக்குத் திறந்து வைக்க நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. உள்ளே தனி விலானில், அதாவது பிரித்து வைத்த உள் நெட்வொர்க்கில் வைத்து, வெளியில் இருந்து விபிஎன் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக வந்து பார்க்கட்டும்.

கடைசியாக, மூன்று ஃபேஸ் யுபிஎஸ். வட சென்னைக்கு இது முக்கியம். அத்திப்பட்டில் வட சென்னை அனல் மின்நிலையமும் பக்கத்தில் 1,500 மெகாவாட் வல்லூர் நிலையமும் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் புகைந்துகொண்டிருந்தாலும், கடையில் விளக்கு மங்குவதைத் தீர்மானிப்பது தெருமுனை பில்லர் பாக்ஸும் அதற்குள் இருக்கும் ஜாயிண்ட்டுகளும்தான். கடல் காற்றின் உப்பு அந்த இணைப்புகளை அரிக்கும். பொது மிப்பின் இன்புட் அட்டவணை ஒவ்வொரு ஃபேஸுக்கும் தனி வரிசை வைத்திருக்கிறது: 1.3.6.1.2.1.33.1.3.3.1.3 என்பதோடு 1, 2, 3 சேர்த்தால் மூன்று வோல்டேஜும் கிடைக்கும். பல ஸ்கிரிப்டுகள் முதல் ஃபேஸை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்கின்றன. 231, 228, 12 என்று வந்தால் ஒரு ஃபேஸ் போய்விட்டது, ஃபியூஸையோ ஜாயிண்ட்டையோ பார்க்க வேண்டும். 287, 164, 249 என்று ஒன்று ஏறி ஒன்று இறங்கினால் நியூட்ரல் விட்டுப்போயிருக்கிறது, அதாவது அந்தக் கட்டடத்தில் ஒற்றை ஃபேஸில் ஓடும் டிவியும் ஃபிரிட்ஜும் எரியப்போகின்றன. இதைக் கண்டால் ஸ்கிரிப்ட் மெயிலுக்குக் காத்திருக்காமல் யாரையாவது போனில் எழுப்ப வேண்டும், மெயின் ஸ்விட்ச்சை இறக்கச் சொல்ல வேண்டும். மூன்றும் சேர்ந்து 195, 197, 194 என்று இறங்கினால் அது மேலே இருந்து வரும் லோ வோல்டேஜ்.

மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987-க்குப் புகார் சொல்லும்போதும், பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரைப் பார்க்கும்போதும் "அடிக்கடி லோ வோல்டேஜ் சார்" என்று மட்டும் சொன்னால் அவரால் அதிகம் செய்ய முடியாது. மூன்று ஃபேஸ் வோல்டேஜும் அதிர்வெண்ணும் நேரமும் உள்ள ஒரு வாரப் பதிவை ஒரே தாளில் அச்சடித்துக் கொடுத்தால் அவர் அந்தப் பகுதிக்கு மின்சாரம் தரும் ஃபீடர் லைனின் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதற்கு யுபிஎஸ் கார்டின் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும். நேர சர்வரின் முகவரி போடப்படாமல், பேட்டரி மாற்றிய நாளில் 1970-க்குப் போய் நிற்கும் கார்டுகளை அடிக்கடி பார்க்கிறேன். ஆகவே பதிவில் கார்டு சொல்லும் நேரத்தை எழுதாமல், கேள்வி கேட்ட கணினியின் நேரத்தை இந்திய நேரப்படி எழுத வேண்டும். அந்தக் கணினியின் நேரம் என்டிபியோடு, அதாவது நேர சர்வரோடு, ஒத்துப்போகிறதா என்பதையும் ஸ்கிரிப்ட் ஓடும் ஒவ்வொரு முறையும் ஒரு வரியாகச் சேர்த்துவிட வேண்டும்.